கல்லைக் குளிப்பாட்டியவர்

என் கணவருக்கு ஆலங்காயத்தில் வாட்டர் சர்வீஸ் கடை. பைக், கார், டிராக்டர், சேறு அப்பிய லாரி, எது வந்தாலும் புதுசு மாதிரி கழுவித் தந்துவிடுவார். நான் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். வேறு கோளில் இறங்கி ஓடப்போகும் வண்டியில் பொருத்துவதற்காக, கல்லிலும் மண்ணிலும் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஒரு கருவியைச் செய்கிறோம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவருடைய பெரியப்பா, "பொண்ணு இன்னா வேல செய்யுது?" என்று கேட்டார். திருப்பத்தூரில் பள்ளிக்கூடத்து ஆயாவாக இருந்த என் அம்மா எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "கல்லு மண்ணு ஆராய்ச்சிங்க" என்றார். "ஜல்லி குவாரிங்களா?" என்றார் பெரியப்பா. யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையாக வந்திருந்த இவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு காபி டம்ளருக்குள் சிரித்தார். அதைப் பார்த்துத்தான் நான் சரி சொன்னேன்.

கல்யாணத்துக்குப் பிறகு வாரக்கடைசிதான் எங்களுக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலேறி வாணியம்பாடியில் இறங்குவேன். பைக்கைத் துடைத்து நிறுத்திக்கொண்டு அவர் நின்றிருப்பார். "வந்துட்டியா", "சாப்ட்டியா", "பைய இப்டிக் குடு." இந்த மூன்று வார்த்தைகளில் வீடு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்குப் போய் வருவோம். திங்கள் விடியற்காலை மறுபடியும் ரயில். நல்ல மனிதர் என்பது தெரிந்தது. ஆனால் ஒருவருக்கொருவர் என்ன பேசுவது என்பதுதான் தெரியவில்லை. வங்கி வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவர்களைப் போல மரியாதையாக இருந்தோம். என் வேலையைப் பற்றி அவர் கேட்டதில்லை. கேட்டால் எனக்குச் சிரமமாக இருக்குமோ என்று அவர் விட்டிருக்கிறார். அவருக்கு ஆர்வமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஐந்து மாதம் இப்படிப் போனபிறகு, கருவியை வெளியில் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்க இடம் தேட வேண்டியிருந்தது. வண்டி போகவிருக்கும் செவ்வாய்க் கோளில் இருப்பது பெரும்பாலும் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. அதன் வேதியியலுக்குக் கிட்டத்தில் வரும் கல் வேண்டும் என்றார் எங்கள் குழுத் தலைவி. அவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். ஜவ்வாது மலையில் அந்த மாதிரிக் கல் இருக்கிறது. ரொம்பப் பழைய காலத்தில் பூமிக்கடியிலிருந்து பிளவு வழியாக ஏறி வந்து உறைந்துபோன கருங்கல், காட்டிலும் கொல்லையிலும் கிடக்கும். நான் சொன்னதும் மேடம் ஒருமுறை வந்து பார்த்தார். பிடித்துப்போயிற்று.

எல்லாவற்றையும் மலைக்கு ஏற்றிப்போக வண்டி வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். "எத்தினி நாளைக்கு?" என்றார் அவர். மூன்று நாள் என்றேன். கடையைப் பூட்டிவிட்டு, சிநேகிதரிடமிருந்து ஒரு குட்டியானை லோடு வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். சோதனை வண்டி ஒரு வெள்ளாட்டுக் கிடா அளவு இருக்கும். ஆறு சக்கரம், மேலே ஒரு கழுத்து, கழுத்தின் உச்சியில் காமிராவும் எங்கள் கருவியும். கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கு அடிபடக் கூடாது என்று வீட்டிலிருந்த கோரைப்பாயையும் இரண்டு தலையணைகளையும் எடுத்துவந்து சுற்றிலும் செருகி, கயிறு போட்டுக் கட்டினார். மலையேறி முடிக்கும்வரை ஒரு பள்ளத்தில்கூட அவர் வேகமாக இறக்கவில்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்த கொல்லை ஒரு மலைக்காரப் பெண்மணியுடையது. நாற்பது வயதிருக்கும். சாமை அறுத்து முடித்து, தாள் மட்டும் நின்ற நிலம். நடுவே கருங்கற்கள். அந்த அக்கா முதலில் எங்கள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"தங்கம் எடுக்கப் போறீங்களா?"

"இல்லக்கா. இந்தக் கருவி ஒழுங்கா வேல செய்யுதான்னு பாக்கப் போறோம்," என்றார் மேடம்.

"அப்ப தங்கம் கெடச்சா எனுக்குக் குடுத்துடணும்," என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்த ஒரு கல்லைக் காட்டினார். "அதும் கிட்ட மட்டும் வண்டிய வுடாதீங்க." மேடம் உடனே வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டுத் தடை என்று குறித்துக்கொண்டார்.

எங்கள் சோதனைக்கு ஒரு விதி உண்டு. உண்மையான கோளில் வண்டி ஓடும்போது நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். அது அனுப்பும் படங்களை மட்டும் பார்த்துத்தான் எந்தக் கல், எந்தப் பக்கம், எங்கே லேசரால் சுடுவது என்று முடிவு செய்ய வேண்டும். அதனால் நாங்களும் நிலத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது. ஊர்ச் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்தோம். கொல்லையைப் பார்த்த ஜன்னல்களை என் கல்யாணத்துக்கு வந்த படுக்கை விரிப்புகளைக் கட்டி மறைத்தோம். பெரிய பெரிய ரோஜாப்பூ போட்ட விரிப்புகள். "இந்த ரோஜாவுக்கு அந்தப் பக்கம் செவ்வாய்," என்றார் மேடம். அந்தப் பக்கம் இருந்தவர்கள் இரண்டே பேர்: வண்டியைக் கவனிக்கும் எங்கள் இன்ஜினியர், அவருக்குக் கைகொடுக்க என் கணவர். லேசரிலிருந்து கண்ணைக் காக்க இருவருக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி கொடுத்திருந்தோம்.

கருவி செய்வது எளிமையான காரியம்தான். லேசரை ஒரு கணம் கல்லின்மேல் சுடும். ஊசிமுனை அளவு இடம் ஆவியாகிப் பளிச்சென்று எரியும். மத்தாப்பில் பச்சைக்கு ஒரு மருந்து, சிவப்புக்கு ஒரு மருந்து என்று இருக்கிறதல்லவா, அதுபோல ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று ஒரு நிறத்தில் எரியும். அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் கல்லுக்குள் இரும்பா, மக்னீசியமா, எது எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட்டால் மேலே படிந்திருப்பது போய் உள்ளே இருப்பது தெரியும்.

முதல் நாள் ஒன்றும் சரியாக வரவில்லை. முந்தின ராத்திரி தூறல் போட்டிருந்தது. சக்கரத்தில் செம்மண் அப்பிக்கொண்டது. கற்களின் மேலும் அதே செம்மண், காய்ந்த பாசி, பறவை எச்சம். எந்தக் கல்லைச் சுட்டாலும் எங்களுக்கு மண்ணின் கணக்கே வந்தது. அன்று மதியம் வெளியே வந்து, புளியமரத்தடியில் அவரோடு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். அலுப்பில் வாய்விட்டுச் சொன்னேன்: "கல்லெல்லாம் ஒரே அழுக்குங்க. ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

அவர் ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று சாயங்காலம் இன்ஜினியர், "நாளைக்கு சக்கரம் கழுவ எதாவது ஏற்பாடு பண்ண முடியுமா?" என்று அவரிடம் கேட்டார். அதற்கென்ன என்று, ராத்திரி மலையிறங்கிப் போய், மறுநாள் காலை கடையிலிருந்து பிரஷர் பம்பையும் பெரிய டிரம் நிறையத் தண்ணீரையும் குட்டியானையில் ஏற்றிக்கொண்டார்.

இரண்டாம் நாள் வண்டியைக் கொல்லையின் இன்னொரு மூலைக்கு அனுப்பினோம். அந்த மூலையை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முற்பகலில் முதல் படம் வந்தது. கூடத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் திரையை நோக்கிச் சாய்ந்தோம். மூன்று கற்கள், கன்னங்கரேல் என்று, எண்ணெய் தேய்த்தது போலப் பளபளத்துக்கொண்டு நின்றன. சுற்றியிருந்த மற்றவை எல்லாம் செம்மண் பூசிக் கிடந்தன.

"இது வேற மாதிரி இருக்கே," என்றார் மேடம். "காத்து தேய்ச்சு எடுத்திருக்குமா? முதல்ல இங்க போவோம்."

வண்டி மெல்ல ஊர்ந்துபோய் நின்றது. சுட்டோம். முதல் தடவை சுட்டதுமே திரையில் சோடியத்தின் கோடு கூரையை முட்டுவது போல எழுந்தது. கூடவே கால்சியம். இரண்டாவது தடவையும் அப்படியே. சுடச்சுட அது சரிந்து சரிந்து, பிறகு கல்லின் சொந்த வேதியியல் தெளிவாக வந்தது. சிலிக்கான், இரும்பு, மக்னீசியம், கொஞ்சம் டைட்டானியம். இவ்வளவு சுத்தமான பதிவு அதுவரை எங்களுக்கு வந்ததில்லை. மற்ற இரண்டு கற்களிலும் அதே கதை. மேலே மெல்லிய உப்புப் படலம், கீழே சுத்தமான கல்.

செவ்வாயில் உப்புப் படலத்தைப் பார்த்தால் அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் நின்று வற்றியிருக்கிறது என்று சொல்வோம். எழுந்து நின்று பேசினேன். தண்ணீர் வந்திருக்கிறது, வற்றியிருக்கிறது, உப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்றேன்.

"மழைத் தண்ணியில இவ்ளோ உப்பு ஏது?" என்றார் மேடம்.

"மழை இல்ல மேடம். நிலத்தடித் தண்ணி. எங்கயோ ஊத்து இருந்திருக்கணும்."

மேடம் யோசித்துவிட்டுச் சுண்ணக்கட்டியை என்னிடம் நீட்டினார். கூடத்தின் கரும்பலகையில் எழுதினேன்: 'நிலத்தடி நீர் இங்கே வந்திருக்கிறது. அண்மையில்.' எங்கள் தொழிலில் அண்மையில் என்றால் சில ஆயிரம் ஆண்டுகள் என்று அர்த்தம்.

டீ நேரத்தில் கொல்லைக்கார அக்கா ஒரு சட்டி நிறைய வேகவைத்த மொச்சை கொண்டுவந்தார். ஆளுக்கொரு கை அள்ளிக் கொடுத்துக்கொண்டே வந்தவர், என்னிடம் வந்ததும் கூட ஒரு கை வைத்தார்.

"நல்ல வூட்டுக்காரரும்மா உனுக்கு. காலைல வந்து பாத்தா கல்லுக்குத் தல குளிப்பாட்டினு கீறாரு. பொங்கலுக்கு எங்க வூட்டு மாட்டக்கூட நாங்க இப்டிக் கழுவல."

யாரோ மொச்சையைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எந்தக் கல்ல?" என்றார் மேடம்.

"அதோ, அந்த மூலைல மூணு கல்லு."

மேடம் எழுந்து போய் ரோஜா விரிப்பை விலக்கினார். விதி அதோடு முடிந்தது. எல்லோரும் கொல்லைக்கு நடந்தோம். ஆரஞ்சுக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டுக்கொண்டு, முழங்கால்வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, கையில் குழாயோடு அவர் நான்காவது கல்லுக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார். பம்பு இரைந்துகொண்டிருந்தது. நாங்கள் கூட்டமாக வருவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இன்னும் ரெண்டு கீது மேடம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

இன்ஜினியர் தலையில் கைவைத்தார். "கழுவட்டுமான்னு கேட்டாரு. நான் சக்கரத்தன்னு நெனச்சேன்," என்றார்.

கரும்பலகையில் நான் எழுதிவிட்டு வந்த வரி கண்முன் நின்றது. எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "யாருங்க உங்கள இதக் கழுவச் சொன்னது?"

"நீதான அழுக்கா கீதுன்னு சொன்ன," என்றார் அவர்.

பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதுவோ தவறிவிட்டது என்று புரிந்தது. குனிந்து பம்பை நிறுத்தினார். அந்தச் சத்தம் அடங்கியதும் மலையே அமைதியானது போலிருந்தது. நுரை மட்டும் கல்லிலிருந்து வழிந்து சாமைத் தாளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மேடம் அவருக்குப் பக்கத்தில் போனார். கோபமாகப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தண்ணி எங்கேர்ந்து கொண்டுவந்தீங்க?"

"கடை போர் தண்ணிங்க."

"உப்பா இருக்குமா?"

"எங்கூர் தண்ணி மேடம். சோப்பே நொரைக்காது. அதுக்குத்தான் ஷாம்பு ஜாஸ்தி ஊத்தறது."

மேடம் அப்படியே தாளின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. "அப்ப இவ எழுதினதுல என்ன தப்பு?" என்றார் எங்களைப் பார்த்து. "நிலத்தடி நீர். அண்மையில்."

"இன்னிக்குக் காலைல," என்றார் இன்ஜினியர்.

பின்னாலேயே வந்திருந்த அக்கா சட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "இன்னா, வேல கெட்டுப்பூட்டுதா?" என்று கவலையோடு கேட்டார்.

"இல்லக்கா," என்றார் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கருவி ரொம்ப நல்லா வேல செய்யுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் காபி டம்ளருக்குள் சிரித்த அந்தச் சிரிப்பில்லை அது.

சாயங்காலம் மலை இறங்கும்போது வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். மற்றவர்கள் கூடத்திலேயே தங்கிவிட்டார்கள். நாங்கள் வீட்டுக்குப் போய், அனைவருக்கும் மறுநாளைக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்துகொண்டு வர வேண்டும். ஏழெட்டு வளைவு இறங்கினோம். பிறகு அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"உனுக்கு அசிங்கமா பூட்டுதில்ல."

"அப்படியில்லீங்க," என்றேன். அப்படித்தான் இருந்தது. "ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்," என்றார். இன்னொரு வளைவு போயிற்று. "நீ ஒரு நாளும் உன் வேலையப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. நேத்துத்தான் மொத மொதல்ல சொன்ன. அழுக்கா கீது, ஒண்ணும் தெரியலன்னு. அட, இது நமக்குத் தெரிஞ்ச வேலையாச்சேன்னு சந்தோசமா ஆயிடுச்சி."

காலையில் இருட்டோடு எழுந்து, டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ஷாம்பு கேனை மறக்காமல் எடுத்துவைத்து, மலையேறி வந்து, மூன்று கற்களின் முதுகையும் இடுக்கையும் அவர் தேய்த்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். என் கூட வேலை செய்பவர்கள் முன்னால் எனக்கு நல்ல பெயர் வரட்டும் என்று. ஐந்து மாதத்தில் நான் அவருக்காக அவருடைய கடைக்குள் ஒரு நாளும் போய் நின்றதில்லை.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க," என்றேன்.

பயந்துபோய் நிறுத்தினார். மதகுச் சுவரில் உட்கார்ந்து அவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். லேசர், ஆவி, நிறம். சோடியம் மஞ்சளாக எரியும் என்று சொன்னபோது என்னை இடைமறித்தார்.

"கேஸ் அடுப்புல சோறு பொங்கி வழிஞ்சா தீ மஞ்சளா எரியுமே, அதுவா?"

"அதேதான். உப்புப் போட்ட சோறு."

"அப்ப என் தண்ணி உப்புன்னு உங்க டப்பாவுக்குத் தெரிஞ்சிட்டுது."

"தெரிஞ்சிடுச்சி."

அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "அங்க போயி நிக்கச்சொல்ல அதுக்கு யாரு தொடச்சி வுடுவாங்க? தூசி படியுமே."

யாரும் துடைக்க மாட்டார்கள் என்றேன். கல்லின் மேலிருக்கும் தூசியைத் தன்னுடைய லேசராலேயே தட்டிவிட்டுக்கொள்ள வேண்டும், அது முடிகிறதா என்பதைப் பார்க்கத்தான் இந்தச் சோதனையே என்றேன். "பாவம்," என்றார். கருவியைப் பார்த்து யாரும் பாவப்பட்டு நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் மேடம் அவருக்கு முறையான வேலை கொடுத்தார். ஒரே கல்லை மூன்று பாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தைக் கழுவாமல் விடவேண்டும். ஒன்றை மலை ஊற்றுத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஒன்றைக் கடைத் தண்ணீரில், ஷாம்பு போட்டு. பெயின்ட் அடிக்கும்போது ஒட்டுவார்களே, அந்த டேப்பை எடுத்துவந்து கோணல் இல்லாமல் ஒட்டி, பிளாஸ்டிக் கட்டி, ஒரு பாகத்துத் தண்ணீர் இன்னொன்றில் சொட்டாமல் செய்தார். மேடமும் விதியை விட்டுவிட்டு அவரோடு கொல்லையிலேயே நின்றார். ரோஜா விரிப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பம்பின் சத்தத்தையும் அவர்கள் இருவரும் பேசிச் சிரிப்பதையும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அன்று வண்டி அனுப்பிய படம் ஒன்றில், கல்லுக்குப் பக்கத்தில் ஓரமாக ஒரு ரப்பர் செருப்பும் அதற்குள் ஈரமான ஐந்து விரல்களும் தெரிந்தன. "அங்க உயிரினம் இருக்கு," என்று கூடத்தில் ஒருவர் சொன்னார். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று பாகக் கல்லின் பதிவுகள் எங்களுக்கு மிகவும் உதவின. எத்தனை தடவை சுடும்வரை மேற்படிவு, எங்கிருந்து கல் என்று கணக்கிடும் முறையை அதை வைத்துத்தான் சரிசெய்தோம். வகுப்பெடுக்கும்போது மேடம் இன்றும் அந்தப் பதிவைக் காட்டி, இங்கே தண்ணீர் எப்போது வந்திருக்கும் என்று மாணவர்களைக் கேட்பார்.

ஆனால் செவ்வாய்க்குப் போகும் வண்டியில் எங்கள் கருவிக்கு அந்தத் தடவை இடம் கிடைக்கவில்லை. எடை அதிகம், வேறு கருவிகளோடு சேர்த்தால் வண்டி தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். செய்தி வந்தது ஒரு புதன்கிழமை மதியம். ஆய்வுக்கூடத்தின் மாடிப்படியில் நின்று அவரை அழைத்தேன். பேச ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது. அவர் "சரி, சரி, வெச்சிடு" என்றார். எனக்கு அதுவும் வருத்தமாக இருந்தது.

சாயங்காலம் நான் தங்கியிருக்கும் அறைக்குத் திரும்பியபோது, வாசலில் ஒரு பையோடு நின்றிருந்தார். அதற்கு முன் அவர் பெங்களூருக்கு வந்ததில்லை. வாணியம்பாடியில் ரயிலேறி, இறங்கி, நான்கு பேரிடம் வழி கேட்டு வந்திருக்கிறார். பைக்குள் பிரியாணிப் பொட்டலம். "கடைய யாரு பாத்துக்கறாங்க?" என்றேன். "பூட்டிட்டேன்," என்றார்.

பிரியாணியைச் சுடவைத்து இரண்டு தட்டில் போட்டேன். தரையில் உட்கார்ந்தோம். முதல் கவளம் எடுப்பதற்கு முன்பே கேட்டார்.

"எவ்ளோ எட ஜாஸ்தியாம்?"

சொன்னேன். எந்தப் பாகத்தில் அதிகம் என்று கேட்டார். லேசரைக் குளிர்விக்கும் உலோகத் தகட்டில் என்றேன். அது எதற்கு, இல்லாவிட்டால் என்ன ஆகும், வேறு எதில் செய்யலாம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். பாதி அவருக்குப் புரிந்திருக்காது. எனக்கே பாதி அப்போது பேசும்போதுதான் புரிந்தது. அவர் குறுக்கே பேசாமல், எலும்பைக்கூடச் சத்தமில்லாமல் கடித்துக்கொண்டு கேட்டார். நடுவில் ஒருமுறை மட்டும் கையை நீட்டி என் தட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிப்போச்சு. சாப்ட்டு சொல்லு."

சாப்பிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.